மஞ்சளைத் தின்னும் மூக்குக்கண்ணாடி

நெருப்பின் முன்னால் உட்காரும்போது நான் போடும் மூக்குக்கண்ணாடிக்கு மஞ்சள் ஆகாது. கண்ணாடிக் குச்சியைச் சுடரில் காட்டினால் அதன் நுனியில் பளீரென்று ஒரு மஞ்சள் வெளிச்சம் கிளம்பும். வெறுங்கண்ணுக்கு அந்த வெளிச்சம் மட்டும்தான் தெரியும், உருகுகிற கண்ணாடி தெரியாது. மூக்குக்கண்ணாடியின் ஊதா பாய்ந்த சில்லுகள் அந்த மஞ்சளை விழுங்கிவிடும். பிறகு வேலை தெளிவாகத் தெரியும். இதைப் போட்டுக்கொண்டுதான் ஒருநாள் என் பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டுக் கம்பியில் ஒரு துணி கட்டியிருந்தது. அது மஞ்சள் துணி. எனக்கு வெள்ளையாகத் தெரிந்தது. வெள்ளையாகத் தெரிந்தது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

ரங்கூனில், அலோன் பேட்டையில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். முன்னறையில் ஒரு தகரம் அடித்த மேசை. அதன்மேல் பர்னர். கீழே ஒரு கேஸ் சிலிண்டர், பக்கத்தில் வெல்டிங் கடையிலிருந்து வருகிற ஆக்சிஜன் சிலிண்டர். கேஸ் மட்டும் எரிந்தால் சுடர் சோம்பலாக ஆடும். ஆக்சிஜன் சேர்ந்தால்தான் நீலமாகக் கூர்ந்து, 'உஸ்' என்று இரையும். அந்தச் சுடரில் கண்ணாடியை உருக்கி இலை, பூ, கொடி, மொட்டு என்று செய்வேன். ஒரு சொட்டை இடுக்கியால் தட்டையாக்க வேண்டும், கத்தி முனையால் நரம்பு கீற வேண்டும், ஓரத்தைச் சூடாக்கிச் சுருட்ட வேண்டும், பிறகு காம்பில் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது முன்பு செய்த இதழ்கள் ஆறிவிட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அரைநாள் வேலை போய்விடும். அதனால் நடுவில் நிறுத்த முடியாது. எனக்கு அது பொருந்திப்போனது. சும்மா உட்காரத் தெரியாத கை என்னுடையது. சினிமாக் கொட்டகையில்கூட டிக்கெட்டைக் கிழித்து இலை செய்துகொண்டிருப்பேன்.

கீழ்வீட்டு அக்காவுக்கும் அவர் கணவருக்கும் இந்த இரைச்சல் பழக்கம். அண்ணன் என்றே அவரைக் கூப்பிடுவேன். துறைமுகக் கிடங்கில் வேலை. என் அப்பாவைப் போலவே தமிழர். அக்காவின் அம்மா என் அம்மாவைப் போல பர்மாக்காரி. அதனால் எங்கள் இரண்டு வீட்டிலும் சாமி மாடத்தில் முருகனும் புத்தரும் ஒரே சாடிப் பூவைப் பங்குபோட்டுக்கொள்வார்கள்.

சித்திரையில் வரும் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் பண்டிகையை ஒட்டி முதல் மழை விழுந்ததும் படாவ் மரம் பூக்கும். தமிழ்ப் புத்தகங்களில் வரும் வேங்கைக்கு அது சொந்தம் என்று சொல்வார்கள். ஊர் முழுக்க ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்து, சாயங்காலத்துக்குள் வாடிவிடும். அன்றைக்கு ரங்கூனில் பூ வைக்காத கொண்டை கிடையாது. ஒவ்வொரு வருடமும் அண்ணன் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வருவார்.

"இந்தா, பாத்து செஞ்சுக்க. சாயந்தரம் வரைக்கும்தான் இது தாங்கும். அப்பறம் என்னய கேக்காத."

நான் மற்ற வேலையைப் போட்டுவிட்டு அந்தக் கிளையின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். படாவ் எனக்குச் சரியாக வந்ததே இல்லை. அதன் இதழ் கசங்கிப் பிறக்கிற இதழ். கண்ணாடியைக் கசக்கினால் அது கசங்கலாகத் தெரியாது, தப்பாகச் செய்ததாகத்தான் தெரியும்.

கொரோனாவின் மூன்றாவது அலை மழைக்காலத்தில் வந்தது. அந்த நாட்களைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆக்சிஜனுக்காக மனிதர்கள் காலி சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வெல்டிங் சிலிண்டரா ஆஸ்பத்திரி சிலிண்டரா என்று யாரும் பார்க்கவில்லை. என்னிடம் இரண்டு இருந்தன. தெருவில் உதவிக்கு அலைந்த பையன்கள் கேட்டபோது ஒன்றைக் கொடுத்தேன். இன்னொன்று இருப்பதைச் சொல்லவில்லை. தனியாக இருப்பவள், எனக்கு வந்தால் யார் வரிசையில் நிற்பார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியது அதற்கப்புறம் செய்தது.

தெருவில் எல்லோருமாகப் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சாப்பாட்டுக்குக் கஷ்டமென்றால் பால்கனியில் வெள்ளைத் துணி. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் மஞ்சள் துணி. கதவைத் தட்டி யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டாம்.

கதவைச் சாத்திக்கொண்டு நான் எத்தனை நாள் இருந்தேன் என்று நினைவில்லை. அறைக்குள் நடந்தேன். துடைத்த மேசையையே துடைத்தேன். ஜன்னலுக்குப் போவேன், வருவேன், மறுபடி போவேன். இடுக்கிகளை அளவுப்படி அடுக்கிவிட்டுக் கலைத்தேன். சத்தமில்லாத தெருவில் என் நெஞ்சு அடிப்பது எனக்கே எரிச்சலாக இருந்தது. கடைசியில் ஒரு மத்தியானம், ஒரே ஒரு இதழ், கைக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்று பர்னரைப் பற்றவைத்தேன். யாரும் கேட்டு வாங்கும் வேலை இல்லை. எனக்கு வந்தால் வேண்டும் என்று ஒளித்துவைத்த சிலிண்டரைத் திறந்து படாவ் பூ செய்ய உட்கார்ந்தேன். சித்திரையில் அண்ணன் கொண்டுவந்த கிளையை வரைந்துவைத்த தாள் எதிரே இருந்தது.

அன்றைக்குத்தான் இதழ் வந்தது. கசக்காமல், இரண்டு பக்கமும் வேறுவேறு சூடு காட்டினால் அது தானாகவே சுருங்குகிறது என்று கைக்குப் புரிந்தது. பத்து வருடமாக வராதது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் காற்று வாங்க, மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறந்து, பால்கனிக்கு வந்தேன். மழை இருட்டிக்கொண்டு நின்றது. கீழே அக்கா வீட்டுக் கம்பியில் துணி.

வெள்ளை. அரிசி இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கிடங்கு மூடி ஒரு மாதமாயிற்றே, எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று என்னையே திட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பரோ பாலோ கீழிருந்து மாட்டி மணியை இழுத்தால் மேலே இழுத்துக்கொள்ளலாம். அந்தக் கயிற்றில் அரிசி, ஆறு முட்டை, ஒரு குப்பி கடலை எண்ணெய் எல்லாவற்றையும் பையில் கட்டி அக்கா வீட்டு உயரத்துக்கு இறக்கினேன்.

"அக்கா! பையப் புடிங்க!"

ஒரு கை வந்து பையை அவிழ்த்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அந்தக் கை கயிற்றை விடாமல் பிடித்திருந்தது. பிறகு விட்டது.

"நேகாங்லா, அக்கா?" என்று கேட்டேன். நல்லா இருக்கீங்களா என்று கேட்பதுதான்.

"இருக்கோம்," என்றது குரல்.

நான் மேசைக்குத் திரும்பினேன். இதழ் ஆறிக்கொண்டிருந்ததே. அன்று மாலை வரைக்கும், மறுநாள் முழுக்கவும் செய்தேன். மூன்று கொத்து, பதினோரு பூ, நான்கு மொட்டு. கரண்டை நம்ப முடியாததால் மின்சூளையில் வைக்காமல், சூடான சாம்பல் நிறைந்த தகர டப்பாவில் புதைத்து மெல்ல ஆறவைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தேன். மூக்குக்கண்ணாடி இல்லை. துணி மஞ்சளாக இருந்தது.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சிலிண்டரைப் பையன்கள் வந்துதான் தூக்கினார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வரவில்லை. என்னைப் பார்த்துக் கையை அசைத்தார், போ போ என்று, எனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று. பையன்களில் ஒருவன் குழாய் மாட்டித் திறந்தான். சிலிண்டர் தலையிலிருந்த அளவுமானியின் முள் அடியிலிருந்து கொஞ்சம் மேலே நின்றது. முழுதாக இருந்த சிலிண்டர். மீதியை நான் பூவாக ஊதிவிட்டேன். அன்று பிற்பகல் வரைக்கும் வந்தது. அடுத்ததைத் தேடிப் போனவர்கள் காலியாகத்தான் திரும்பினார்கள். மறுநாள் காலையில் அண்ணன் போய்விட்டார்.

முழு சிலிண்டர் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

துணி வெள்ளையாகத் தெரிந்த கதையை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று மாடிப்படி வரை போவேன், திரும்பிவிடுவேன். அந்த வருடம் முழுக்க நான் ஒரு இடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டே சாப்பிட்டேன். பர்னரைத் தொடவில்லை.

அடுத்த சித்திரையில் முதல் மழை பெய்து, மறுநாள் வெயில் பளீரென்று அடித்தது. கதவு தட்டும் சத்தம். அக்கா, கையில் ஒரு படாவ் கிளை, மூச்சு வாங்க நின்றார்.

"வருசா வருசம் அவரு குடுப்பாரு. விட்டுப்போவக் கூடாதுன்னு கொண்டாந்தேன். சாயந்தரம் வரைக்கும்தான் தாங்கும்," என்றார்.

உள்ளே வந்தவர் அலமாரியில் அந்தக் கண்ணாடிக் கொத்தைப் பார்த்துவிட்டார். கிட்டே போய், தொடாமல், நெடுநேரம் பார்த்தார்.

"அமலே, அம்மாடியோவ், நிசப் பூ மாதிரியே வந்துருச்சே. எப்ப செஞ்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். "அந்த ரெண்டு நாள்லதான்க்கா," என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். "தெரியும். சத்தம் கேட்டுச்சே."

"ஏங்க்கா என்கிட்ட கேக்கல? சிலிண்டர் இருக்குன்னு தெரியுமில்ல?"

"மஞ்சத் துணியப் பாத்துட்டுத்தான அரிசி எறக்கின? அந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டு நெனச்சேன், சரி, அத நம்ம கேக்கக் கூடாது, அதனாலதான் இவ அரிசி குடுக்குறான்னு. அவரும் அதத்தான் சொன்னாரு. அது அவளோட பொழப்பு, கேட்டுச் சங்கடப்படுத்தாதன்னு. ஆனாதேயா இருந்துச்சு."

ஆனாதே என்பது எங்கள் ஊர்ச் சொல். ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடக் கூடாதே என்கிற கூச்சம். பர்மாவில் பிறந்த எல்லோருக்கும் இது தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. என் அரிசிப் பையை அக்கா என் மறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒன்பது மாதமாக அதை மனசில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், முருங்கைக்கீரை கொடுத்தனுப்பியிருக்கிறார், இப்போது பூவும் கொண்டுவந்து நிற்கிறார்.

எல்லாவற்றையும் கொட்டினேன். மூக்குக்கண்ணாடி, மழை இருட்டு, வெள்ளைத் துணி, அரிசி. நான் அழுதுகொண்டே பேசியது அக்காவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். "அந்தத் துணி இன்னும் இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"எங்க போவும்? அவரு இடுப்புல கட்டுன பழைய லோஞ்சித் துண்டுதான."

மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கீழே போனோம். அக்கா துணியைக் கொண்டுவந்து அதே கம்பியில் கட்டினார். துவைத்துத் துவைத்து வெளிறிய மஞ்சள். நான் மூக்குக்கண்ணாடியை அவரிடம் நீட்டினேன். அவர் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிப் பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தார்.

"கொறையுது," என்றார். "ஆனா மஞ்சளாத்தான் தெரியுது."

வாங்கி நானும் போட்டுப் பார்த்தேன். வெளிறித்தான் இருந்தது. வெள்ளையாக இல்லை.

வெயில் கம்பியின்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மழை இருட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். ஒரு இதழ் வந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தவள் எதைப் பார்த்திருப்பாள், எதைப் பார்க்க விரும்பியிருப்பாள்? எனக்கு அப்போது உண்மையாகவே தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி, மடக்கி, என் சட்டைப் பையில் வைத்தார்.

"இப்ப வெயிலாச்சே. அன்னைக்கு மழ இருட்டு. நல்ல மழ வரட்டும், அப்பக் கட்டிப் பாப்போம்."

துணியை அவிழ்த்து உள்ளே எடுத்துக்கொண்டு போனார். நான் மாடியேறி வந்து, கிளை வாடுவதற்குள் பர்னரைப் பற்றவைத்தேன்.

அதற்குப் பிறகு சில மழைக்காலங்கள் வந்து போய்விட்டன. வானம் இருட்டும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பால்கனி வரை போகிறேன். கீழே போகவில்லை. அக்காவும் ஒரு மழைக்கும் அந்தத் துணியைக் கட்டவில்லை.