சத்தம் அடைத்த பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சத்தம் வராமல் வாசித்துக் காட்டுவதைப் போல அருவருப்பான வேலை வேறு ஒன்று எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

திருக்கோகர்ணத்தில் ஒரு மாவு மில்லில் எனக்கு வேலை. விசேஷ நாட்களில் இன்னிசைக் குழு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இசையை எழுதிக் கொடுத்தால் எனக்கு வாசிக்கத் தெரியாது. காதால் கேட்டால் விரல் கண்டுபிடித்துவிடும். மனிதர்களோடு பேசக் கூச்சப்படுகிறவனுக்கு பேஸ் நல்ல கருவி. பாடுகிறவர்கள் முன்னால் நிற்பார்கள். நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பாதி மறைந்து நிற்கலாம்.

எல்லாக் குழுவுக்கும் வந்ததுபோல எங்கள் குழுவுக்கும் லேப்டாப் வந்தது. குரலை மட்டும் எடுத்துவிட்டு மற்ற வாத்தியமெல்லாம் வைத்த டிராக் அதில் ஓடும். பேஸும் அதற்குள்ளேயே இருக்கிறது. பிறகு நான் எதற்கு என்றால், மேடை நிறைந்து தெரிய வேண்டுமாம். குழுத் தலைவர் கீபோர்டு வாசிக்கிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். கச்சேரி தொடங்கும் முன் மிக்சர்காரரிடம் சொல்லி என் கிட்டாரின் சத்தத்தை அடைத்துவிடுவார். அடுத்தவன் வியர்வை காயாத வாடகைச் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் விரலை ஆட்டுவேன். போன வாரம் யார் போட்டிருந்தார்களோ, அவர்களுடைய பவுடர் வாசம் கழுத்துப்பட்டையில் இருக்கும்.

வாசிப்பு மறந்துபோகக் கூடாது என்றுதான் ஆக்டேவ் பழகத் தொடங்கினேன். ஒரே ஸ்வரத்தைக் கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை மாற்றி மாற்றி அடிப்பது. ஆள்காட்டி விரல் தடித்த தந்தியில். சுண்டுவிரல் ஒரு தந்தி தாண்டி, இரண்டு கட்டம் தள்ளி. நடுவில் இருக்கும் தந்தி அலறாமல் ஆள்காட்டி விரலின் அடிச்சதையாலேயே அதை அணைக்க வேண்டும். அது பிடிபட்ட பிறகு இரட்டை ஸ்வரம். கட்டைவிரலால் தடித்த தந்தியையும் இன்னொரு விரலால் கடைசித் தந்தியையும் ஒரே நேரத்தில் இழுப்பது. இரண்டையும் கீழேயே பிடித்தால் மில்லில் கல் மாட்டியதுபோல உறுமும். இடைவெளி விட்டுப் பிடித்தால்தான் இனிமை. மிளகாய் அரைத்த நாட்களில் விரல்நுனி வெடிப்புக்குள் தூள் ஏறி, தந்தியில் வைத்ததும் எரியும். அப்படியும் ஏழெட்டு மாதம் விடவில்லை. ஒரு தடவையாவது அதை நாலு பேர் கேட்க வேண்டும், வாசித்தது நான் என்று தெரிய வேண்டும். அதற்கு மேல் ஆசை இல்லை.

குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு காதுகுத்தில் அது வாய்த்தது. தாய்மாமன் சீர் மண்டபத்துக்குள் வரும்போது கடைசித் தட்டு உள்ளே நுழைகிற வரைக்கும் பாட்டு நிற்கக் கூடாது. நின்றால் மாமன் வீட்டாருக்குக் கோபம் வரும். டிராக்கோ நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்கு முந்திய விசேஷத்தில் அப்படித்தான் பாதியில் நின்று, "எங்க சீருன்னா ஒங்களுக்கு எளக்காரமா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

நான் தலைவரிடம் மெதுவாகச் சொன்னேன். "தம்பி, டிராக்கு முடிஞ்சதும் நான் இழுத்து வாசிக்கிறேனே. கதவு வரைக்கும் கொண்டாந்து விட்டுர்றேன்."

அவர் என் விரலைப் பார்த்தார். "முடியுமாண்ணே? நடுவுல நின்னு போச்சுன்னா நம்மளத்தான் காது குத்துவாய்ங்க."

"முடியுங்க."

அன்று சீர் நீண்டது. பழத்தட்டு, பாத்திரம், சைக்கிள் வரைக்கும் வந்தது. டிராக் முடிந்த இடத்தில் என் சத்தம் திறந்தது. ஆக்டேவில் ஓடினேன். ஒவ்வொரு சுற்று முடிவிலும் இரட்டை ஸ்வரம். தகரக் கூரை அதிர்ந்தது. மாமன் வீட்டுப் பெண்கள் தட்டோடு குலுங்கிக்கொண்டே நடந்தார்கள். ஒரே ஒரு இடத்தில் சுண்டுவிரல் களைத்து ஒரு கட்டம் வழுக்கியது. கடைசித் தட்டு நுழைந்ததும் நிறுத்தினேன்.

பந்தியில், விருந்துக்கு வந்திருந்த வேறொரு குழுவின் கீபோர்டுகாரர் எங்கள் தலைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எதிர் இலையில்.

"மாஸ்டர், அந்தக் கடைசி பேஸ் பிட்டு அருமை. டிராக்கு எங்கிட்டு வாங்குனீங்க?"

தலைவர் யோசிக்கக்கூட இல்லை. "மெட்ராஸ்ல நமக்கு ஒரு ஆளு இருக்காருங்க. ஸ்பெசலா போட்டுக் குடுப்பாரு."

பிறகு என் பக்கம் திரும்பி, "என்னண்ணே?" என்றார்.

நான் தலையாட்டினேன். "ஆமாங்க, மெட்ராஸு" என்று வாயாலும் சொன்னேன். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. வாயில் இருந்த சோறு அழுகியதுபோல இருந்தது. எழுந்து போய்த் துப்பினேன்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். தலைவர் அன்றைய வாசிப்பு முழுவதையும் மிக்சரிலிருந்து லேப்டாப்பில் பதிந்து வைத்திருக்கிறார். அடுத்த விசேஷத்தில் நாலு நிமிட டிராக்கின் வாலில் அதை ஒட்டிவிட்டார். என் சத்தம் பழையபடி அடைபட்டது. ஸ்பீக்கரில் என் விரல் ஓடுகிறது. மேடையில் அதற்கு நான் விரல் அசைக்கிறேன். தவறும் பதிந்திருக்கிறது. அந்த இடம் வரும்போது வீடியோவில் பொருந்த வேண்டுமே என்று சுண்டுவிரலை வழுக்கவிடுகிறேன். செத்த எலியைத் தொட்டால்கூட இப்படிக் கூசாது.

ஒரு நாள் வேனில் கேட்டேன். "தம்பி, அந்த எடத்த மட்டும் நானே வாசிச்சுர்றேனே. இப்ப வழுக்காது."

"அதுவும் நீங்கதானேண்ணே! ஒரே ஆளு எதுக்கு ரெண்டு தடவ வாசிக்கணும்?" வேனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

போன மாதம் மணமேல்குடியில் ஒரு காதுகுத்து. சீர் வந்தது. டிராக் முடிந்து என் ஆக்டேவ் தொடங்கியதும், இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று கையைத் தந்தியிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டேன். பேஸ் அது பாட்டுக்கு ஓடியது. கூட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்கண்ணால் பார்த்தவர் தலைவர் ஒருவர்தான். கீபோர்டிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "அண்ணே, கைய வைங்க. வீடியோக்காரரு இங்கிட்டுத்தான் வாராரு" என்றார்.

வைத்தேன். சீரில் பாதிகூட இன்னும் உள்ளே வந்திருக்கவில்லை.