கியாக்தானில் கரையேறிய புள்ளி

"ஆமைத் திருடனைப் பிடிக்கக் கிளம்புகிறேன்" என்று போன மாதம் இந்த வலைப்பூவில் வீராவேசமாக எழுதியிருந்தேன். நிறையப் பேர் வாழ்த்தினீர்கள். போனாயே, என்ன ஆயிற்று என்று இப்போது கேட்கிறீர்கள். ஊர் திரும்பி நாளாகிவிட்டது. எழுத வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதவில்லை.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. நாகப்பட்டினத்தில் நாங்கள் சில நண்பர்கள், பங்குனி ஆமைகள் கடலில் எங்கெங்கே காலம் கழிக்கின்றன என்று வரைபடம் போடுகிறோம். முட்டையிட வரும் ஆமையின் ஓட்டில் ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டரை ஒட்டி அனுப்புவோம். மூச்சு வாங்க அது மேலே வரும்போதெல்லாம் செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும், எங்கள் இணையப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். கடைசியாக விட்ட ஆமை வங்கக்கடலைக் குறுக்கே கடந்து, பர்மாவின் கலங்கல் கடலில் இரண்டு மாதம் சுற்றியது. டிசம்பரில் புள்ளிகள் கரையேறின. யாங்கோனுக்குத் தெற்கே கியாக்தான் என்ற சிற்றூரில், ஆற்றங்கரைத் தெரு ஒன்றில் அப்படியே நின்றுவிட்டன. தெருவில் ஆமை குடியிருக்காது. யாரோ தின்றுவிட்டான் என்று முடிவு கட்டினேன். இதுவரை நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

2010 ஜனவரி இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து கொல்கத்தா வழியாக யாங்கோன். மனைவியின் தம்பி ராஜ்மோகனும் வந்தான், பச்சைக்கல் மோதிரம் வாங்க. பணம் எடுக்கும் எந்திரத்தை நம்பிப் போகாதீர்கள், கிடையாது. மடிப்புக்கூட இல்லாத புது டாலர் நோட்டு வேண்டும். மச்சான் தன் டாலர்களை அரைஞாணில் சுருட்டி வைத்திருந்தான். பணம் மாற்றும் கவுண்டர்க்காரப் பெண் அவற்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நம் ஊர்க் கைப்பேசியும் அங்கே வெறும் கடிகாரம்தான்.

மறுநாள் விடுதியில் வண்டி ஏற்பாடு செய்தார்கள். நாள் முழுதும் முப்பத்தைந்து டாலர். ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். லுங்கி, முழுக்கைச் சட்டை, பெயர் கோ மின் என்றார்கள். எங்களிடம் அரைகுறை ஆங்கிலம், மற்றவர்களிடம் பர்மியம். ஏழு மணிக்குக் கிளம்பினால் தன்லின் பாலம் தாண்டி கியாக்தான் போக ஒன்றேகால் மணி நேரம், சுமார் முப்பது கிலோமீட்டர். பாலத்தைப் படம் பிடிக்காதீர்கள், காவலர் நிற்கிறார்.

அந்த ஒன்றேகால் மணி நேரமும் நானும் மச்சானும் தமிழில் வாய் ஓயாமல் பேசினோம். என்ன பேசினோம் என்று எழுதக் கை கூசுகிறது, எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையே பொய். "இவன் மூஞ்சியப் பாரு, ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி" என்றேன். "கடல்ல மிதக்குறதெல்லாம் இவனுவளுக்குக் கறிதான்" என்றேன். "நாம எதுக்கு வந்தோம்னு இவன்கிட்ட சொல்லிடாத, முன்னாடியே ஆள் அனுப்பிடுவான்" என்றான் மச்சான். கோ மின் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

கியாக்தானில் தேடவே வேண்டியிருக்கவில்லை. படகுத்துறைக்குப் பின்னால் கால் மேல் நிற்கும் மரவீடுகள். அதில் ஒன்றின் வாசல் இறவாணத்தில், பூச்சரத்துக்குப் பக்கத்தில், எங்கள் டிரான்ஸ்மிட்டர் நீல நைலான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. (வீட்டின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) உடனே படம் பிடித்தேன். உள்ளிருந்து ஒரு பெண் வந்தார், கன்னத்தில் சந்தனம் போன்ற தனாக்கா பூச்சு. மிரட்டும் தோரணையில் நான் நிற்கிறேன், அவரோ விருந்தாளி வந்த மாதிரி சிரித்து, பாய் விரித்து, பச்சைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

கோ மின்னைக் கேட்கச் சொன்னேன். கணவர் மீன்பிடிக்கப் போயிருக்கிறார், போன மாதம் அவர் வலையில் ஆமை சிக்கியது, அதன் முதுகிலிருந்த பெட்டியில் நூல் சுற்றிக்கொண்டது, பெட்டியைப் பெயர்த்துவிட்டு ஆமையை விட்டுவிட்டார், ஆமை கொடுத்தது நல்லது என்று வாசலில் கட்டினார். இவ்வளவுதான் பதில்.

நான் நம்பவில்லை. கையோடு கொண்டுபோன வரைபடத்தை அந்தப் பெண் முன்னால் விரித்தேன். கடலெல்லாம் புள்ளி, கடைசியில் அவர் தெருவில் ஒரு கொத்து. புள்ளியையும் அவர் வீட்டையும் வானத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி, "சாட்டிலைட்! ஆல் சீயிங்!" என்று சத்தமாகச் சொன்னேன். அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு" என்றேன் மச்சானிடம். "வெளிய போயி நாலு பேரக் கூப்புடுவோம். போலீஸ்னு சொன்னா ஆமை ஓட்டை எங்க பொதச்சான்னு தானா வரும்."

"போலீஸ் வாணாம், அண்ணே."

சொன்னது கோ மின். தமிழில் சொன்னார்.

"நமக்குத் தமிழ் வெளங்கும். பேசத்தான் வாய் வராது. எங்க பாட்டன் யாங்கோன்ல அலோன் துறைமுகத்துல மூட்டை தூக்க வந்த ஆளு." பர்மியமும் தமிழும் கலந்து, சொல் தேடித் தேடிப் பேசினார். "இது என்ன சாமான், அண்ணே? ஆகாசத்துக்குச் சேதி அனுப்புற சாமான். வெளிநாட்டுச் சாமான். இந்த ஊட்ல இருக்குன்னு படம் போட்டுக் காமிக்கிறீங்க. இங்க பட்டாளத்து ஆட்சி, வார்டு ஆபீஸ் ஆளு கேட்டா இந்தப் பொண்ணோட வீட்டுக்காரரக் கொண்டுபோயிருவான். எப்ப விடுவான், யாருக்குத் தெரியும்? நீங்க ப்ளேன் ஏறிருவீங்க."

அந்தப் பெண்ணுக்கு என்ன பயம் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குள் வண்டியில் நான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர ஆரம்பித்தது. கோ மின்னின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவரே கயிற்றை அவிழ்த்து, பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றி என் பையில் வைத்தார். படத்தை அழிக்கச் சொன்னார், அழித்தேன். வரைபடத்தைச் சுக்குநூறாகக் கிழித்து அந்த வீட்டு அடுப்பில் போட்டேன். அந்தப் பெண் கும்பிட்டார். கும்பிட வேண்டியவன் நான்.

வாசலுக்கு வந்தால் சைக்கிளில் ஒரு ஆள். என் சத்தம் எங்கேவரை போயிருந்ததோ! கோ மின் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். "ஏலே பகோடாவுக்கு வந்த ஆளுங்க, வழி தவறிட்டாங்கன்னு சொன்னேன். இப்ப அங்க போயே ஆவணும், அவன் பின்னாடி வரான்" என்றார்.

ஆகவே ஏலே பகோடா போனோம். ஆற்று நடுவில் தீவு, வெளிநாட்டவருக்குத் தனிப் படகு, ஐயாயிரம் கியாட். செருப்பு மட்டுமல்ல, காலுறையையும் கழற்ற வேண்டும். சைக்கிள்காரர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பக்தர்களாகப் பொரி வாங்கிக் கெளுத்தி மீன்களுக்குப் போட்டோம். அதுவரை விளையாட்டாகவே இருந்த மச்சானுக்கு வேர்த்து ஊற்றியது. தீவின் மறுபுறம் மறைவாகப் போய்ப் பெட்டியைப் பிரித்தேன். அடியில் காய்ந்த பசையும் பாசியும்தான் இருந்தன. ஆமையின் ஓட்டை உடைத்து எடுத்திருந்தால் எலும்பும் கூட வந்திருக்கும். அந்தப் பெண் சொன்னது முழுதும் உண்மை. ஆமை உயிரோடுதான் போயிருக்கிறது. ஏரியலை ஒடித்து, பெட்டியோடு ஒரு செங்கல் துண்டைக் கட்டி ஆற்றில் இறக்கினேன். நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டு வாங்கிய கருவி. அவர்களிடம் நடந்ததைச் சொன்னேன், யாரும் திட்டவில்லை.

யாங்கோனுக்குத் திரும்பினோம். விடுதி வாசலில் இறங்கி, "தப்பா பேசிட்டேன் தம்பி, மன்னிச்சிருங்க" என்றேன். கோ மின் கதவைச் சாத்திவிட்டு ஆங்கிலத்தில், "தேங்க் யூ, சார்" என்றார். 'அண்ணே' கியாக்தானோடு போயிற்று. அந்தப் பெண்ணுக்காகக் கொஞ்ச நேரம் தமிழராக இருந்தார் போலும். எனக்காக இருக்க அவருக்கு விருப்பமில்லை. அதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் இணையப் பக்கத்தைத் திறந்தேன். அந்தத் தெருவும் புள்ளிக் கொத்தும் உலகத்துக்கே திறந்து கிடந்தன. ஒரு மாதமாக அப்படித்தான் கிடந்திருக்கின்றன, எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கரையேறிய புள்ளிகள் அத்தனையையும் எடுத்துவிட்டோம். யாராவது முன்பே பார்த்து வைத்திருந்தால்? சைக்கிள்காரர் மறுநாள் திரும்பி வந்திருந்தால்? தெரியாது. விசாரிக்கவும் வழியில்லை, விசாரிப்பதே அவர்களுக்கு ஆபத்து. ஆமை எங்கே என்று தெரியாதது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் வீட்டில்தான் இருக்கிறாரா என்று தெரியாததுதான் உறங்கவிடாமல் செய்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கலாம். ஜிபிஎஸ் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். யார் வீட்டு வாசலிலும் காகிதம் விரித்து விரல் நீட்டாதீர்கள். யாங்கோன் நகரத்துக்குள் தமிழ்க் காதுகள் நிறைய, சட்டையையும் பெயரையும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஓட்டுநரின் எண்ணைக் கேட்டுச் சிலர் வழக்கம்போல் எழுதுவீர்கள். அவர் எனக்குத் தரவில்லை. விடுதி வாசலில் தற்செயலாக அவரைப் பார்த்தீர்கள் என்றால் தாராளமாக ஏறிக்கொள்ளுங்கள், நல்ல ஓட்டுநர். என்னைத் தெரியும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.