ஊஞ்சல் தாங்கும் பாரம்

பந்தியில் எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டிருக்க, சிவசங்கரி மட்டும் மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் தலைக்கு மேலே சரவிளக்கு தொங்குகிறது. "அக்கா, எழுந்து அந்தாண்ட வாங்க. அவ்ளோ பெரிய வெளக்க சுண்டுவெரல் தண்டி கம்பியில மாட்டிக்கீறாங்க." வடை வரும் நேரம் பார்த்து இடம் மாறினேன். இவளோடு திருப்பதிக்கு ஒரு விசேஷத்துக்குப் போனால் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது.

புத்தூரில் அவள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். டிப்ளமோ படித்தவள். ரேணிகுண்டா பக்கம் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வேலை. கட்டடக் கம்பியை இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்துப் பார்க்கிற வேலை. ஒருநாள் நானும் போய் வேடிக்கை பார்த்தேன். கம்பி முதலில் அசையவே இல்லை. பிறகு மெல்ல நீண்டது. நடுவில் ஓரிடம் ஒடுங்கி 'டப்'பென்று வெடித்தது பாருங்கள், எனக்கு உயிரே போய்விட்டது! அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"தாங்குதேன்னு அவ்ளோவும் தொங்கவுடக் கூடாதுக்கா. எந்த லோடுல நீள ஆரம்பிக்குதோ, அதுல அஞ்சுல ஒரு பங்குதான் கம்பிக்குக் குடுக்கணும். ஆடற பொருளுன்னா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

ஆடுகிற பொருள் என்று அவள் சொல்வது ஊஞ்சலை. கணவன் ஸ்ரீஹரி குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான். இந்த வீட்டுக்குக் கூரை போடும்போது, "நாலு கொக்கி வுட்டுடு. நான் வந்ததும் ஊஞ்சல் மாட்டி ரெண்டு பேரும் ஆடலாம்" என்று போனில் சொன்னானாம். கொக்கிகள் கூடத்தில் அப்படியே இருக்கின்றன. வீடு கட்டிய பிறகு அவன் வாசற்படி மிதிக்கவில்லை.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன் என்றான். அவ்வளவுதான், இவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்றைக்கே கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள். பத்து எம்.எம். கம்பி நான்கு, ஒவ்வொன்றும் நானூறு கிலோ பத்திரமாகத் தாங்கும். "யானையையா கூட்டிவரப் போகிறான் உன் வீட்டுக்காரன்?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"கம்பி சரிக்கா. உட்கார்ற ஆள் வெயிட்டு தெரியணும்ல? போம்போது எழுபத்தஞ்சு கிலோ. இப்போ இன்னா வெயிட்டுன்னு எனக்குத் தெரியலயே."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனில் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, கட்டினவன் இளைத்தானா பெருத்தானா என்றுகூடத் தெரியாமல் ஒருத்தி வீடு காத்துக்கொண்டிருக்கிறாள்.

ராத்திரிச் சமையலுக்கு நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே வீடியோ காலில் கேட்டாள். "மாமா, இப்போ எவ்ளோ வெயிட்டு நீ?"

"வந்ததும் நீயே தூக்கிப் பாரு" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவன் குரல் இறங்கியது. "சிவா, லீவு தரல. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன்."

"சர்லே. நேரத்துக்குத் துன்னு, ஒடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள். என் கையிலிருந்த கத்தரிக்காயை வாங்கி அவளே நறுக்க ஆரம்பித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், வெல்டர் பக்கிரிசாமி கூடத்தில் ஏணி போட்டு நிற்கிறார். "அவன் வரும்போது மாட்டிக்கொள்ளலாமே!" என்றேன்.

"வந்தப்புறம் டெஸ்ட் பண்ணுவாங்களாக்கா? அவரு உட்காரப் போற எடம். முன்னாடியே பாத்துடணும்."

அரிசிக் கடையிலிருந்து இருபத்தைந்து கிலோ மூட்டைகளை இரவல் வாங்கி வந்திருந்தாள். ஊஞ்சலை மாட்டி முடித்ததும் பலகை நிறைய அடுக்கச் சொன்னாள். ஊஞ்சல் லேசாக முனகியது. ஒவ்வொரு கம்பியையும் விரலால் தடவி, பற்றவைத்த இடங்களைக் குனிந்து பார்த்து, "பாஸ்ணா" என்றாள். பக்கிரிசாமி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். வலது ஓரத்தில் மூன்று மூட்டை மிஞ்சியிருந்தபோது அவர் கையைத் தடுத்தாள்.

"அது இருக்கட்டும்ணா."

இடது ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மேல் மூட்டையின்மீது கையைப் போட்டுக்கொண்டு, காலால் தரையை மெல்ல உந்தினாள்.