ஒஸ்காரும் திரேசா அக்காவும்

போன வாரம் கண்டியில் பல்லுக் காட்டப் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் சுவர் நிறைய ஒரு டிவி. அதில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. வெகுநேரம் பார்த்தேன்; ஒன்றுகூட இன்னொன்றை விரட்டவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் மீன் விஷயத்தில் நான் கொஞ்சம் அனுபவசாலி.

கிராம்புத் தைல வாசனை வேறு மூக்கில் ஏறியது. அந்த வாசனை வந்தால் எனக்கு என் முதல் வேலைதான் ஞாபகம் வரும். கண்டி டவுனில், மாடியில் இருந்த ஒரு பல் டிஸ்பென்சரி. கண்டியில் ஒஃபிஸ் வேலை கிடைத்துவிட்டது என்று பன்விலவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டு வந்தவள் நான். திரும்பிப் போனால் முகத்தை எங்கே வைப்பது?

திருப்பி அனுப்புவதற்கென்றே அங்கே திரேசா அக்கா இருந்தார். பழைய ஆள். ஜன்னலோர மேசை, இருந்த ஒரே ஃபேன், டெலிபோன், சாவிக்கொத்து எல்லாம் அவருடைய ராஜ்ஜியம். எனக்குக் கக்கூஸ் கதவோரம் ஒரு ஸ்டூல். எனக்கு முன் வந்த இரண்டு பிள்ளைகள் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லையாம். அதை எனக்குச் சொன்னதும் அவர்தான், மிகச் சந்தோஷமாக.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "மீனைப் பார்த்தால் பல்லு நோவு மறந்திடும், பிள்ளை" என்பார். ஆறடித் தொட்டி வாங்கி, உள்ளங்கை அகலத்தில் ஒரு ஒஸ்கார் மீனும், கூடவே விரல் நுனியளவுக் கப்பி மீன்களும் விட்டார். சீக்கிரமே ஒஸ்கார் மட்டும் மிஞ்சியது. கடைசிக் கப்பியை அது லபக்கென்று விழுங்கியதைப் பார்த்த ஒரு பெரிய மீசைக்காரர், வாயை மூடியவர் மூடியவர்தான். பல்வலியோடே வீட்டுக்குப் போய்விட்டார்.

"இதோட ஒத்துப்போற மீனாய்ப் பார்த்து வாங்கிக்கொண்டு வா" என்று டொக்டர் என்னைப் பிலிமத்தலாவைக்கு அனுப்பினார்.

மீன் தொட்டிக் கடைக்கார முஸ்லிம் நானா பெரிய பேச்சுக்காரர். "அதுட வாய்க்குள்ள அடங்குற எதையும் போடாதீங்க, தங்கச்சி. ரொம்பப் பயந்ததும் வேணாம், ரொம்பக் கொழுப்பெடுத்ததும் வேணாம்." ஒஸ்கார் அளவிலேயே தட்டையான செவரம் இரண்டு, நிற்காமல் ஓடும் வெள்ளி நிறப் பார்ப் ஒரு கூட்டம், அடியில் கிடந்து பாசி தின்ன முரட்டு டேங்க் கிளீனர் மீன் ஒன்று என்று பிடித்துத் தந்தார். பிறகு சொன்னார்: "விட முந்தி கல்லெல்லாம் இடம் மாத்துங்க. இல்லாட்டி பழையவரு, இது என்ட வளவு எண்டு அடிப்பாரு. மாத்தினா அவருக்கும் அது புது ஊடுதானே."

மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பேராதனை தாண்டும்போது எனக்கு வேறு யோசனை ஓடியது.

கற்களை மாற்றினோம். ஒஸ்கார் மாலைவரை திகைத்து நின்றது. புது மீன்கள் பாட்டுக்குச் சுற்றின. எனக்கு அது போதும்.

மறுநாள் திரேசா அக்கா லீவு. "தொட்டியில வெயில் பட்டா பாசி பிடிக்கும், சேர். அலுமாரிய ஜன்னலுக்கு முன்னால வச்சிரலாமா?" என்று கேட்டேன். பல்லைத் தவிர வேறெதையும் பார்க்காத டொக்டர், "ஓம், செய்" என்றார். அலுமாரி ஜன்னலுக்குப் போனது. அக்காவின் மேசை நடுவுக்கு வந்தது. ஃபேனுக்கு நேர் கீழே, அவர் பக்கத்திலேயே என் ஸ்டூல்.

அடுத்த நாள் அக்கா கைப்பையோடு நடுவில் அப்படியே நின்றார்.

"இது யாரு பாத்த வேல?"

"மீனுக்காகத்தான், திரேசா" என்றார் டொக்டர்.

மீனை எதிர்த்து என்ன பேசுவது? உட்கார்ந்தார். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தவர், என்னைப் பார்க்காமலே சம்பலை என் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகும் கடிக்காமல் இல்லை, ஒஸ்காரும்தான். ஆனால் நான் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தேன்.

டொக்டர் மகளோடு வெளிநாடு போக, தொட்டியை விற்ற அன்று அலுமாரியையும் நகர்த்தினார்கள். ஜன்னலைக் காட்டி அக்கா சொன்னார்: "எதிர்ல பெரிய சுவரு. இங்க ஒருநாளும் வெயில் வந்ததில்லடி. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன்க்கா டொக்டர்ட சொல்லல?"

"இவ்வளவு களவாணித்தனம் உள்ளவ நின்னு பிடிப்பான்னு விட்டேன்."

அந்த மாடியில் இப்போது போன் கடை. அக்காவும் இல்லை. நான் போன வாரம் பல்லுக் காட்டிய இடத்தில், கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். தனியாகவா வேலை என்று கேட்டேன். "ஆமாக்கா, எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான்" என்றாள். அவளுக்கு மேசை, ஏசி, டெலிபோன் எல்லாம் இருந்தன. மத்தியானம் ஆனதும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தன் பார்சலைத் தானே பிரித்துச் சாப்பிட்டாள்.