அப்பாவின் ரெகுலேட்டர்

பரணில் கிடைத்த ரெகுலேட்டரைப் பிரித்துத் துடைத்தேன். வாயில் கவ்வும் ரப்பரில் இன்னும் கிணற்றுப் பாசி வாடை.

புதுச்சத்திரம் பக்கம் கிணறுகளில் விழுந்த மோட்டார்களை எடுக்க, அப்பா முதுகுச் சிலிண்டரின் காற்றை மூச்சிழுக்க இதைக் கவ்விக்கொண்டுதான் மூழ்குவார். மேலே நானும் அம்மாவும் அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்போம். "கொமுளியவே பாரு சாமி, பராக்குப் பாக்காத" என்பாள் அம்மா. ஒருநாள் குமிழி நின்றது. இழுத்தோம், பாறையில் அறுந்த கயிறு மட்டும் வந்தது. சாயங்காலம் அவரை எடுத்தபோது இது வாயிலேயே இருந்தது. அதன்பின் அம்மா உலை கொதிப்பதைக்கூடப் பார்க்கமாட்டாள்.

புது வாஷர் போட்டு, சிலிண்டரில் பொருத்தி, தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுத் திறந்தேன். குமிழிகள் பொங்கின. என் பெயரே மறந்துபோன அம்மா கட்டிலிலிருந்து எழுந்து வந்து காற்றுக் குழாயை இறுகப் பிடித்தாள்.

"இழு சாமி, உங்கப்பா மேல வாராரு."