மில் வாசலில் நின்ற பெண்கள்

மிளகாய் அரைக்கிறவன் பக்கத்தில் யாரும் வெகுநேரம் உட்கார மாட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நெடியில் எவ்வளவு நேரந்தான் உட்கார முடியும்? மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிதில் நான் மலாக்கா டவுனில் காஜா பெராங்கில் மில் வைத்திருந்தேன். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் எல்லாம் அரைத்துக் கொடுப்பேன். சாயங்காலம் கிணற்றடியில் சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு மறுபடியும் குளிப்பேன். அப்போதும் நெடி போகாது. தலைமுடியில் இருக்கும், நகக்கண்ணில் இருக்கும், பெட்டியில் மடித்து வைத்த சட்டையிலும் இருக்கும். படம் பார்க்கப் போனால் பக்கத்து நாற்காலிக்காரர் தும்மித் தும்மிப் பார்த்துவிட்டு, இடைவேளையில் வேறு இடம் தேடிக்கொள்வார். கோப்பிக் கடையில் தெரிந்தவர்கள் கையை உயர்த்தி, "என்னா மில்லுக்காரரே, சௌக்கியமா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தங்கள் மேசையிலேயே இருந்துவிடுவார்கள்.

நான் பிறந்தது செங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அங்கே ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருந்த ஒரே அண்ணன் குடும்பத்தோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார்.

"நீயும் வந்துருடா. இங்க ஒனக்கு யாரு இருக்கா?" என்றார் ஏறுவதற்கு முன்னால்.

"அங்க மட்டும் யாரு இருக்கா?" என்றேன்.

எனக்கு இங்கே யாருமில்லைதான். ஆனால் இங்குள்ள தெருக்கள் தெரியும், மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியும். அது போதும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

கோப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்த ஒரு சீனர் தொழிலை விட்டபோது, அவருடைய பழைய எஞ்சினையும் அரைக்கும் இயந்திரத்தையும் வாங்கினேன். காஜா பெராங்கில் பலகை வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. முன்பக்கம் மில். பின்பக்கம் நான் படுக்க ஓர் அறை. பக்கவாட்டில் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு. அதில் சாக்கும் உடைந்த சாமான்களும் கிடந்தன.

மில்லுக்கு ஆள் வந்ததற்குக் காரணம் இருந்தது. என்னைப் போலவே தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறைய இருந்தன. தோட்டத்தில் பெண்கள் பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு வந்து சாயங்காலம் அம்மியில் அரைப்பார்கள். டவுனுக்கு வந்த பிறகு ஒருத்தி பெரிய வீடுகளில் துணி துவைத்தாள், ஒருத்தி பள்ளிக்கூடம் கூட்டினாள், ஒருத்தி பசாரில் மீன் கழுவினாள். அம்மியில் குந்த யாருக்கும் நேரமில்லை. வறுத்த சாமானை பிஸ்கட் டின்னில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

உள்ளே நிற்க முடியாது. நெடி தொண்டையை அடைக்கும். ஆகையால் டின்னை வரிசையில் வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்பார்கள். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்காது. அவர்களுடைய வாய் அசைவது தெரியும். ஒருத்தி கையை ஆட்டி என்னமோ சொல்வாள், மற்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சில நாள் ஒருத்தி அழுவாள், இன்னொருத்தி அவள் முதுகைத் தடவுவாள். என்ன சொல்லிச் சிரித்தார்கள், எதற்கு அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. எஞ்சினை நிறுத்தியதும் பேச்சும் நின்றுவிடும். "ஆச்சாண்ணே?" என்று கேட்டு டின்னை எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு நாள் முழுக்க எனக்குக் கிடைக்கிற பேச்சு அந்த "ஆச்சாண்ணே"தான். வேண்டுமென்றே சில சமயம், "மல்லி நல்லா காயலியே" என்பேன். "அடுத்த வாட்டி காய வெக்கிறேண்ணே" என்பார்கள். அதோடு முடிந்தது.

ஒரு நாள் காலை வழக்கம்போல அரைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தபோது புளியமரத்தடியில் யாரும் இல்லை. எல்லோரும் லோங்காங் ஓரம், அந்தப் பெரிய சாக்கடை ஓரம், கும்பலாக நின்றார்கள். எஞ்சினை நிறுத்தினேன். அப்போதுதான் கூச்சல் கேட்டது.

துணி துவைக்கிற பெண்ணின் குழந்தை. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது. வீட்டில் விட ஆளில்லாமல் இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு திரிவாள். பேச்சுக்கு நடுவே இறக்கி விட்டிருக்கிறாள். இரவு பெய்த மழையில் லோங்காங்கில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை அதற்குள் விழுந்துவிட்டது. இறங்கித் தூக்கியவர் பக்கத்துக் கம்பத்தில் குடியிருந்த மலாக்காச் செட்டி அம்மாள். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். நம் கோயில் சாமியைத்தான் கும்பிடுவார், ஆனால் தமிழ் வராது. கெபாயா முழுக்கச் சேறாக, குழந்தையைக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டு, "நாங்கிஸ்லா சாயாங், நாங்கிஸ்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அழு கண்ணே, அழு என்று. கடைசியில் குழந்தை தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டது. பெற்றவள் அதை வாங்கக்கூடக் கை வராமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனையும் எனக்கு இருபதடி தள்ளி நடந்தது. எனக்குக் கேட்கவில்லை.

அன்றைக்கு யாரும் டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. எஞ்சின் ஓடாததால் முதல் முறையாக அவர்கள் பேசுவதைக் கேட்டேன். ஒருத்தி குழந்தையைக் கட்டில் காலில் சேலையால் கட்டிவிட்டு வேலைக்குப் போகிறாளாம். இன்னொருத்தி பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திச் சின்னதைப் பார்க்க வைத்திருக்கிறாளாம். அவர்களில் வயதில் மூத்த ஒருவர் இருந்தார். தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவர். தாய்மார் மரம் வெட்டப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. எல்லோரும் அவரை ஆயாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நேராக மில்லுக்குள் வந்தார். தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு சாய்ப்பைக் காட்டினார்.

"அண்ணே, அது சும்மாதான கெடக்கு?"

"ஆமாங்க. சாக்கு போட்டு வெச்சிருக்கேன்."

"சாக்க வேற எங்கயாச்சும் போட்டுக்குங்க. எங்களுக்கு அது வேணும். வெள்ளக்காரன் தோட்டத்துலயே ஆயாக்கொட்டா இருந்துச்சு. இப்ப நம்ம நாடுன்னு சொல்றாங்க, புள்ளைய விட ஒரு எடம் இல்ல பாத்தீங்களா?"

"எடுத்துக்குங்க" என்றேன்.

"வாடகை என்னான்னு சொல்லுங்க."

"அதெல்லாம் வேணாம்."

"வேணாம்னா எப்படி? சரி, ஒங்களுக்கு மத்தியானச் சோறு நாங்க தர்றோம். தனியாத்தான பொங்கித் திங்கிறீங்க" என்றார்.

அவருக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே சாக்கை எல்லாம் தூக்கி என் அறையில் போட்டேன்.

ஒரு வாரத்துக்குள் சாய்ப்பு மாறிவிட்டது. உத்தரத்தில் சேலையால் ஏணை கட்டினார்கள். லோங்காங் பக்கம் பலகை அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அரிசி வரும். ஆயாக்கா கஞ்சி காய்ச்சுவார். செட்டி அம்மாள் தன் பேரனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்து மலாயில் பாட்டுப் பாடுவார். தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பாட்டை அப்படியே திருப்பிப் பாடும்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அரைக்க ஆரம்பித்தால் பிள்ளைகள் இருமின. இருமுகிற ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயாக்கா மில் வாசலில் வந்து நின்றார். அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகே எஞ்சினை முடுக்கினேன். காலைப் பொழுது எனக்கு வேலையில்லாமல் போனது. மெஷினைத் துடைத்துக்கொண்டோ சும்மாவோ பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் அழுகை, சண்டை, பாட்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

உள்ளே போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். போனேன். சிவந்த கண்ணும் தூள் ஏறிய கையுமாக என்னைப் பார்த்ததும் ஒரு குழந்தை அலறும், அதைப் பார்த்து மற்றதெல்லாம் அலறும். "அவரு நம்ம மாமாடா, பூச்சாண்டி இல்ல" என்று ஆயாக்கா சமாதானம் சொல்வார். நான் வெளியே வந்துவிடுவேன். மத்தியானம் ஆயாக்கா மூடி போட்ட மங்குத் தட்டில் சோறு கொண்டுவந்து மில் திண்டில் வைப்பார். ஊறுகாய், கீரை, சில நாள் நெத்திலி. நான் சாப்பிடும்வரை நிற்க மாட்டார். அந்தப் பக்கம் பிள்ளைகள்.

சும்மா பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்ற பேச்சு பிறகு வந்தது. ஆயாக்காவுக்குக் கூலி தர வேண்டும், பாய் வாங்க வேண்டும், பால்மாவு வாங்க வேண்டும். எனக்கு அரிசி, பருப்பு போடுகிற மளிகைக்கடை பாய் ஒருநாள் வந்தபோது, பெண்கள் கொல்லையில் சேர்ந்து மல்லி வறுப்பதைப் பார்த்தார். வாசம் பிடித்தார்.

"தம்பி, இவங்க வறுக்கிற பக்குவம் நல்லாருக்கே. அரைச்சுப் பொட்டலம் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. நான் கடையில வெக்கிறேன்."

"நீங்களே சொல்லுங்க பாய். அங்கதான இருக்காங்க" என்றேன்.

அவர் சொன்னார். அவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு செய்தார்கள். வறுப்பது அவர்கள், அரைப்பது நான், பொட்டலம் மடிப்பது அவர்கள். மீன்கறிக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று. பாய் கடையில் அதை ஆயாக்கொட்டகைத் தூள் என்று கேட்டு வாங்கினார்கள். தெங்கேராவில் கடை வைத்திருந்த பாயின் மச்சானும் கேட்டு அனுப்பினார். துணி துவைத்தவள் துவைப்பதை விட்டுவிட்டுப் பொட்டல வேலைக்கே வந்துவிட்டாள். கட்டில் காலில் பிள்ளையைக் கட்டியவளும் வந்தாள். படிப்பை நிறுத்தியிருந்த அந்தப் பெரிய பெண்ணை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். புருஷன்மார்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அப்புறம் அவர்களே சைக்கிளில் வைத்துக் கடைகளுக்குக் கொண்டுபோனார்கள்.

எனக்கும் வேலை பெருகியது. மொத்தமாக அரைத்தேன். ஆனால் புளியமரத்தடி காலியாகிவிட்டது. கடையில் தூள் பொட்டலம் கிடைக்கும்போது டின்னைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? சாயங்காலம் எஞ்சின் ஓடும். தலையை நிமிர்த்தினால் மரமும் தெருவும்தான். கேட்காத பேச்சாக இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்த பேச்சு. அது இல்லாமல் போனது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நல்லது நடந்திருக்கிறது, இதைப் போய் எப்படிச் சொல்வது?

பிறகு அவர்கள் முறையாகச் சங்கமாகப் பதிந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் சிமெண்டுத் தரை போட்ட வீடு ஒன்று எடுத்தார்கள். ஆயாக்கா அதைச் சொல்ல வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"புள்ளைங்க கூடிப்போச்சு அண்ணே. நெடியும் ஆகல. இங்கயே இருக்கணும்னுதான் எனக்கும்."

"நல்லதுதானே. எடம் பத்தாதுன்னு எனக்கே தெரியுது."

"ஒங்களையும் சங்கத்துல சேக்கணும்னு சொன்னேன். பொம்பளைங்க சங்கம்னு பதிஞ்சாச்சாம், ஆம்பளய சேக்க முடியாதாம்."

"நான் சேந்து என்ன செய்யப் போறேன்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். மேடையில் பேசியவர் ஒரு நகரசபை உறுப்பினர். பெண்களின் முயற்சியைப் பற்றி நன்றாகப் பேசினார். லோங்காங்கில் விழுந்த அந்தக் குழந்தை, இப்போது நன்றாக ஓடும், என் மாலையிலிருந்து பூவைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. என்னைப் பார்த்து அழவில்லை. அதுவே எனக்கு அன்றைக்குப் பெரிய காரியமாக இருந்தது.

அடுத்த வருஷமோ அதற்கு மறுவருஷமோ அவர்கள் கரண்டில் ஓடும் புது மில் ஒன்று வாங்கினார்கள். பொருத்திக் கொடுக்க நான்தான் போனேன். யார் ஓட்டுவது என்று கேட்டேன். துணி துவைத்தவள் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். சாமானை எப்படிப் போட வேண்டும், அரைக்கும் தட்டு சூடேறினால் எப்போது நிறுத்த வேண்டும் என்று காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், சரியாகச் சொல்லிக் கொடுத்தோமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மறுநாளிலிருந்து எனக்கு அரைக்க அதிகம் இல்லை. மாட்டுத் தீவனமும் கோப்பிக்கொட்டையும் அரைத்துக் காலம் தள்ளினேன்.

மத்தியானச் சோறு மட்டும் நிற்கவில்லை. "இங்க வந்து சாப்புட்டுப் போங்கண்ணே, தட்டு தூக்கிட்டு வர ஆளில்ல" என்று ஆயாக்கா சொல்லி அனுப்புவார். சில நாள் போவேன். அடுப்படிப் பக்கம் எனக்கு மணை போட்டுப் பரிமாறுவார்கள். பெண்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் கேட்கும். இடையில் என்னிடமும் ஏதாவது கேட்பார்கள். எனக்கு உடனே பதில் வராது. யோசித்துச் சொல்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவார்கள்.

மற்ற நாட்களில், வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வேலை இருக்காது. மில் கதவைச் சாத்திவிட்டுப் பின்னறையில் ஒரு பிடி அரிசியைக் கழுவி உலை வைப்பேன். ஏன் போகவில்லை என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.