தைலமரக் காட்டில் புதைத்தது

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு. கத்தாரில் எட்டு வருஷம் கிரேன் ஓட்டியவன் என்று ஊரில் மீசையை முறுக்குவேன். அந்த மீசை ஒரு பிளாஸ்டிக் டப்பாவிடம் தோற்றுப்போன கதை இது.

என் மனைவிக்கு ஏழாம் மாதமே வயிறு நிறைமாதம்போல இருந்தது. எங்கள் ஊர் பொன்னமராவதிப் பக்கம். பார்த்தவர்கள் எல்லாம் ரெட்டைப் பிள்ளை என்றார்கள். ஸ்கேனில் ஒரு பிள்ளைதான் தெரிந்தது. அதன் வால் எலும்பில் ஒரு கட்டி. பனிக்குடத் தண்ணீர் கூடியிருப்பதால் வயிறு பெரிதாகத் தெரிகிறது, பிறந்ததும் கட்டியை எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. நான் லீவு போட்டு வந்து சேர்ந்தேன்.

பெண் பிள்ளை. பின்பக்கம் தேங்காய் அளவில் கட்டி, பளபளவென்று, நீல நரம்போடு. என் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ரெட்டையில ஒண்ணு வளராமப் போயி இதுகூட ஒட்டிக்கிச்சுடா." வாயை மூடு என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். விழுந்தேனே தவிர, அவள் சொன்னது மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நாலாம் நாள் புதுக்கோட்டையில் ஆபரேஷன். வால் எலும்பின் நுனியையும் சேர்த்து எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அதை விட்டுவைத்தால் கட்டி மறுபடி முளைக்குமாம். பிறகு ஒரு நர்ஸ் மூடி போட்ட, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். எங்கள் பக்கம் சதை டெஸ்டுக்கு எடுத்ததை வீட்டு ஆள்தான் லேபுக்குச் சுமந்துபோக வேண்டும். "திருச்சி லேப்ல குடுத்துட்டு ரசீது வாங்கிக்கங்க. மூடியத் தொறக்காதீங்க."

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பையைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மருந்துத் தண்ணீரில் சதைக்கு நடுவே ஒரு கொத்து முடி அசைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வெள்ளையாக, பால் பல்போல ஒன்று. அக்கா சொன்ன அந்த இன்னொரு பிள்ளையை லேபில் சீவிக் கண்ணாடித் துண்டுக்கு அடியில் வைக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். திருச்சி பஸ் முன்னால் நின்றது. நான் பொன்னமராவதி பஸ்ஸில் ஏறினேன். மடியில் டப்பா, பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். பக்கத்து ஆள் எழுந்து வேறு இடம் போனார்.

எங்களில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்போம். எங்கள் தைலமரக் காட்டின் ஓரத்தில், உச்சி வெயிலில், செம்மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்துக் குழி வெட்டினேன். டப்பாவைத் திறந்து எடுத்து வைப்பதுதான் முறை. கை வரவில்லை. அப்படியே வைத்து, ஒரு பாக்கெட் பாலை ஊற்றி மூடினேன். மரத்தில் ஒரு காக்காய்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, லேபில் கொடுத்துவிட்டேன் என்றேன்.

பிள்ளை வீட்டுக்கு வந்தது. தினமும் உச்சி வேளைக்கு அழ ஆரம்பித்தது. "அதென்னங்க, மணி பாத்த மாதிரி அழுவுது?" என்றாள் மனைவி. நான் பிள்ளையைத் தூக்குவதையே நிறுத்திவிட்டேன். தூக்கினால் டப்பாவின் கனம் கையில் தெரிந்தது.

காயத்தைக் காட்டப் போனபோது டாக்டரம்மா ரிப்போர்ட் கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். "அதுல கெட்ட செல் இருந்தா ஒடனே மருந்து ஏத்தணும். இருக்கா இல்லையான்னு தெரியாம என்னால எதுவும் செய்ய முடியாதுங்க." ரத்தத்தில் பார்க்க முடியாதா என்றேன். "ரத்தத்துல பாக்குற புரத அளவு பொறந்த பிள்ளைக்கு எப்படியும் கூடத்தான் இருக்கும். அந்தச் சதைதான் பதில் சொல்லணும்." மனைவி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். பதிலை நான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் அதே உச்சி வேளையில் தோண்டினேன். டப்பா முழுசாக இருந்தது. முடி முன்பைவிட நீளமாகத் தெரிந்தது. தண்ணீரில் பிரிந்திருக்கும் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அன்று அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்குப் போனால் பிள்ளை அழாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டத்தான் வாயெடுத்தார். "தொறந்தீங்களா?" இல்லை, பயமாக இருந்தது என்றேன். "ஒங்க பயம்தான் இதக் காப்பாத்தியிருக்கு. மருந்துக்குள்ளயே கெடந்ததால கெடல." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "ரெட்டையெல்லாம் கெடையாது. முடி, எலும்பு எல்லாமே ஒங்க பிள்ளையோட சொந்த ஒடம்பு, எடம் மாறி வளந்துருச்சு. இதுல வேற யாரும் இல்லங்க."

திருச்சிக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தைதான். வேறு யாரும் இல்லையென்றால் நான் பால் ஊற்றியது யாருக்கு? உயிரோடு இருக்கிற என் மகளுக்கு.

ரிப்போர்ட் வந்தது. கெட்ட செல் இல்லை. மூன்று வயது வரை விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். அன்று மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பொதைக்கிறப்ப பேரு எதும் சொன்னீங்களா?"

சொல்லியிருந்தேன். பெயரில்லாமல் மண்ணுக்குள் போகக் கூடாதே என்று. அந்த நேரம் வாயில் வந்தது ஒரு பெயர்தான்: பெண் பிறந்தால் வைக்கலாம் என்று நாங்கள் இருவரும் போனில் பேசி முடிவு செய்திருந்தது.

"அந்தப் பேரு வேணாம்" என்று அழுதாள். வேறு பெயர் வைத்தோம். பழைய பெயரை வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. மகளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. இப்போது அவளுக்கு நாலு வயது, ஓடுகிறாள், குதிக்கிறாள், செக்கப் எல்லாம் முடிந்துவிட்டது. போன வாரம் கடைத்தெருவில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்த மகள் சட்டென்று நின்று, "என்னம்மா?" என்று திரும்பினாள்.